பழைய கேமராவுக்குள் ஒரு பொட்டுப் பாதரசம்



சென்ற காலாண்டில் நம் சங்கம் மின்கழிவு சேகரித்த ஞாயிற்றுக்கிழமை, லிஃப்ட் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த மூன்று பேரில் நானும் ஒருவன். முப்பத்தேழு வருடம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவனுக்கு, வரிசையில் வருபவர்களிடம் வாங்கி நோட்டில் பதிவது ஒன்றும் புதிதில்லை. ரிமோட், சார்ஜர், எரியாத பல்பு, இரண்டு டி.வி.டி. பிளேயர் என்று வந்துகொண்டிருந்தபோது, மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பெண் தோல் உறை போட்ட கேமரா ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். "அங்கிள், இது அப்பாவோடது. ரொம்ப வருஷமா லாஃப்ட்ல கிடந்துது. வேலை செய்யலை, போட்டுடுங்க" என்றார்.

எடுத்துப் பார்த்தேன். கேனனெட். 1970களில் ஜப்பானில் செய்தது. அடிப்பக்கத்தில் ஒரு வட்ட மூடி, அதில் காசு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல். ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துத் திருப்பினேன். கொஞ்சம் முரண்டு பிடித்துத் திறந்தது. உள்ளே சட்டைப் பொத்தான் போல ஒரு செல், சுற்றிலும் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. அதைத் தட்டி ஒரு காகிதத்தில் விழவைத்துவிட்டு, கேமராவின் லீவரை இழுத்துப் பொத்தானை அழுத்தினேன். 'க்ளிக்' என்று சத்தம் வந்தது. அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. "வேலை செய்யுதே அங்கிள்!"

வேலை செய்யும். அந்த கேமராவுக்குப் படம் எடுக்க பேட்டரியே தேவையில்லை. வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்கு மட்டும்தான் தேவை. அவர் கேமராவைத் திரும்ப எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். செல் மட்டும் என் மேசையில் கிடந்தது. வாட்ச்மேன் அதைப் பார்த்து, "காசு மாதிரி இருக்கே சார்" என்று கை நீட்டினார். "தொடாதீங்க தம்பி" என்று தடுத்தேன். அந்தச் செல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டு லாஃப்டிலும் அதே போல் ஒன்று இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

நான் பி.காம். படித்தவன். வேதியியல் பள்ளிக்கூடத்தோடு சரி. அதனால் எனக்குப் புரிந்த அளவில், கணக்குப் பிள்ளை பாஷையில் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். அமெரிக்க ராணுவத்தின் கையடக்க ரேடியோக்களுக்கு பேட்டரி பெரிய தலைவலியாக இருந்தது. அப்போது இருந்தது நம் டார்ச்லைட்டில் போடுகிற சாதாரண துத்தநாக செல்தான். குளிர் நாட்டில் அது தாக்குப் பிடிக்கும். வெப்ப மண்டலப் போர்முனைக்கு அனுப்பினால், வெயிலிலும் புழுக்கத்திலும் பயன்படுத்துவதற்கு முன்பே கெட்டுவிடும். இதை விழுப்புரத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். சித்திரை மாதம் டார்ச்சுக்குள் செல்லை விட்டுவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பி வந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நமக்குத் தெரியும்.

இதற்குத் தீர்வு கண்டவர் சாமுவேல் ரூபன் என்ற அமெரிக்கர். 1942ல் அவர் உருவாக்கிய செல்லில் ஒரு பக்கம் துத்தநாகம், மறுபக்கம் பாதரச ஆக்சைடு, நடுவில் காரம். வெயிலைத் தாங்கியது. வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்தாலும் கெடவில்லை. பி.ஆர். மல்லோரி என்ற கம்பெனி இதைத் தயாரித்தது. இன்று ட்யூராசெல் என்று நீங்கள் கடையில் கேட்டு வாங்குகிறீர்களே, அந்தப் பெயரின் வேர் அங்கேதான் இருக்கிறது.

போர் முடிந்ததும் இந்தச் செல் ஊருக்குள் வந்தது. காது கேட்கும் கருவி, கைக்கடிகாரம் என்று சின்னச் சின்னப் பொருள்களுக்குள் புகுந்துகொண்டது. 1960ல் அமெரிக்காவில் நோயாளியின் உடலுக்குள் வைத்த கிரேட்பாட்ச் பேஸ்மேக்கர் கூட இந்தப் பாதரச செல்லில்தான் ஓடியது. இதயத்தையே ஒப்படைக்கிற அளவுக்கு அதன்மேல் நம்பிக்கை இருந்தது.

அந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. சாதாரண செல் புதிதாக இருக்கும்போது 1.5 வோல்ட்டுக்கும் மேலே காட்டும். நாளாக ஆக 1.4, 1.3, 1.2 என்று இறங்கிக்கொண்டே போகும். பாதரச செல் அப்படியில்லை. முதல் நாள் 1.35 வோல்ட். ஆறு மாதம் கழித்தும் 1.35. ஒரு வருடம் கழித்தும் ஏறத்தாழ அதே 1.35. பிறகு ஒரு நாள் சட்டென்று விழுந்துவிடும். எங்கள் பாஷையில் சொன்னால், முதிர்வுத் தேதி வரை வட்டி விகிதம் மாறாத டெபாசிட். வேலை செய்யச் செய்ய உள்ளே இருக்கும் பாதரச ஆக்சைடு கொஞ்சம் கொஞ்சமாகத் தனிப் பாதரசமாக மாறுகிறது. பாதரசம் நல்ல மின்கடத்தி. அதனால் செல்லின் உள்தடை ஏறுவதில்லை. நடுவில் இருக்கும் காரமும் செலவாவதில்லை. நிலையாக நிற்கிற குணம் முழுக்கப் பாதரசம் தந்தது.

இது கேமராவுக்குள் ஏன் போனது என்பதைச் சொல்ல, வெளிச்சத்தை அளக்கிற மீட்டரின் கதைக்கு வர வேண்டும்.

ஃபிலிம் காலத்தில் போட்டோ எடுத்தவர்களுக்குத் தெரியும். வெளிச்சம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் லென்ஸின் துவாரத்தை எவ்வளவு திறப்பது, ஷட்டரை எவ்வளவு நேரம் திறப்பது என்று முடிவு செய்யலாம். தப்பினால் படம் வெளுக்கும், அல்லது கறுக்கும். 1932ல் அமெரிக்காவின் வெஸ்டன் கம்பெனி கையில் பிடிக்கிற மின் மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்தது. அதில் செலினியம் என்ற பொருள். வெளிச்சம் பட்டால் அதுவே மின்சாரம் தரும், பேட்டரி வேண்டாம். ஆனால் மங்கல் வெளிச்சத்தில் முள் அசையாது. 1960களில் காட்மியம் சல்ஃபைடு வந்தது. கல்யாண மண்டபத்து உள்வெளிச்சத்தைக் கூடப் படித்துவிடும். ஆனால் அது தானாக மின்சாரம் தராது, பேட்டரி வேண்டும்.

அங்கேதான் சிக்கல். வெளிச்சம் அதிகமானால் அந்தப் பொருளில் மின்தடை குறையும், மின்சாரம் அதிகம் ஓடும், முள் ஏறும். ஆனால் பேட்டரியின் வோல்ட் அதிகமானாலும் முள் ஏறத்தான் செய்யும். எதனால் ஏறியது என்று முள்ளுக்குத் தெரியாது. ஆகவே பேட்டரி ஒரே நிலையில் நின்றால்தான் முள் சொல்வது வெளிச்சத்தின் கணக்கு. வோல்ட்டைக் கட்டுப்படுத்தத் தனிச் சுற்று வைத்தால் விலை ஏறும், இடமும் வேண்டும். 1.35 என்று அசையாமல் நிற்கிற செல் கிடைக்கும்போது அது எதற்கு? ஜப்பான்காரர்களும் ஜெர்மன்காரர்களும் அந்த 1.35ஐ ஓப்பனிங் பேலன்ஸாக வைத்துக்கொண்டு மீட்டரைக் கணக்குப் பண்ணினார்கள். கேனனெட், மினோல்டா எஸ்ஆர்டி 101, ஒலிம்பஸ் ஓஎம் 1, ரோலை 35, கோசன் லூனாசிக்ஸ் கைமீட்டர் என்று ஒரு தலைமுறையே பிஎக்ஸ் 625 என்ற ஒரே பொத்தான் செல்லை நம்பி வந்தது.

எங்கள் வீட்டில் அந்தத் தலைமுறைக்குப் பிரதிநிதி யாஷிகா மேட் 124ஜி. திண்டிவனத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த என் தாய்மாமாவுடையது. 1970 முதல் 1986 வரை ஜப்பானில் தயாரான மாடல். அந்தக் காலத்துக் கல்யாண ஆல்பம் உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். படங்கள் சதுரமாக இருந்தால், இந்த ரகத்து இரட்டைக் கண் கேமராவில் எடுத்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். போட்டோக்காரர் கேமராவை வயிற்றுக்கு நேராகப் பிடித்து, குனிந்து பார்த்து எடுப்பார். "நிமிருங்க, மாலையைச் சரி பண்ணுங்க" என்று நம்மைச் சொல்லிவிட்டு அவர் குனிந்துகொள்வார்.

மாமா அதை 1979ல் சென்னை பர்மா பஜாரில் செகண்ட் ஹேண்டாக வாங்கினார். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1969ல் பீச் ஸ்டேஷன் எதிரே வந்த கடைகள். வெளிநாட்டு கேமரா நேர் வழியில் எளிதாகக் கிடைக்காத காலத்தில், அதற்கு வேண்டிய பொத்தான் செல்லும் அங்கேதான் கிடைக்கும். மாமா மாதம் ஒரு முறை திண்டிவனத்திலிருந்து ரயிலேறிப் போய் ஃபிலிம், பேப்பரோடு செல்லும் வாங்கி வருவார்.

ஒரு ரோலுக்கு 12 படம். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967ல் உற்பத்தி தொடங்கிய பிறகு 'இந்து' கறுப்பு வெள்ளை ரோல் கிடைத்தது என்றாலும், சின்ன ஊர் ஸ்டுடியோக்காரருக்கு ஒவ்வொரு படமும் காசுதான். தாலி கட்டும் நேரத்தை இரண்டாம் தடவை எடுக்க முடியாது. இன்று போனில் நூறு எடுத்து தொண்ணூறை அழிக்கிறோம். அதனால் அந்த முள்ளின் மதிப்பு நமக்குச் சட்டென்று பிடிபடாது.

யாஷிகாவில் மேல்மூடியைத் திறந்தால் மீட்டர் உயிர் பெறும், மூடினால் அணையும். மூடியைத் திறந்தபடி வைத்துவிட்டால் செல் வீணாகும். ஸ்டுடியோ பையன் ஒருவன் மூடாமல் வைத்துவிட்டான் என்பதற்காக மாமா ஒரு நாள் முழுக்கக் கத்தியது எனக்கு நினைவிருக்கிறது. இத்தனைக்கும் அவர் மீட்டரை அவ்வளவாக நம்பியவர் இல்லை. ஃபிலிம் டப்பாவில் வரும் தாளில் சூரியன், மேகம், நிழல் என்று படம் போட்டு அளவு சொல்லியிருப்பார்களே, அது அவருக்கு மனப்பாடம். நல்ல வெயிலில், 100 வேக ஃபிலிமுக்கு 16ல் வைத்து 125. "நம்ம ஊரு உச்சி வெயில்ல கண்ணுக்குக் கீழ நிழல் விழும் மாப்ளே, ஒரு படி தொறந்து வை" என்பார். வெள்ளைக்காரன் போட்ட தாளில் அது இருக்காது.

மாமா 1996ல் கலருக்கும் 35 எம்.எம். கேமராவுக்கும் முழுதாக மாறியபோது யாஷிகாவை என்னிடம் கொடுத்தார். அதே வருடம்தான் அமெரிக்காவில் பாதரச ஆக்சைடு பொத்தான் செல்களை விற்கக் கூடாது என்று சட்டம் வந்தது. ஐரோப்பாவிலும் கதவு மூடிக்கொண்டிருந்தது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. கேமராவோடு வந்த செல் தீர்ந்தபோது, "இனிமே அது வராது சார்" என்று கடையில் சொன்னார்கள். அவ்வளவுதான் தெரியும்.

1999 பொங்கலுக்கு திண்டிவனத்தில் எல்லோரும் கூடினோம். பாட்டிக்கு எண்பத்தைந்து தாண்டியிருந்தது. அதற்கு முன் சென்னை போனபோது ஒரு கடையில் கேட்டேன். "இதே சைஸ், இதே நம்பர்தான் சார், பின்னாடி ஒரு ஏ சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்" என்று 625ஏ கொடுத்தார்கள். போட்டேன், முள் ஆடியது, சந்தோஷப்பட்டேன். பாட்டியைத் திண்ணையில் உட்கார வைத்து, பக்கத்தில் கொள்ளுப் பேரன்களை நிறுத்தி, முள் சொன்னபடியே 12 படம் எடுத்தேன்.

நெகட்டிவ் வந்தது. மாமா வாசலில் நின்று வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பன்னிரண்டும் கண்ணாடித்தாள் மாதிரி மெலிந்திருந்தது. "முள்ளை நம்பினியா?" என்றார். எதுவும் சொல்லாமல் நின்றேன். "திண்ணை நிழலுக்கு அஞ்சு புள்ளி ஆறுல அறுபது வச்சிருந்தா போதுமேடா" என்றார்.

அந்த 'ஏ' அல்கலைன். புதிதில் 1.5 வோல்ட்டுக்கும் மேல் தரும். 1.35க்குக் கணக்குப் போட்ட மீட்டருக்கு அது போனால், இல்லாத வெளிச்சத்தை இருப்பதாகக் காட்டும். நாமும் துவாரத்தைக் குறுக்குவோம், படம் கறுக்கும். ஓப்பனிங் பேலன்ஸ் தவறாக எழுதின லெட்ஜரில் அதன் பிறகு எத்தனை சரியாகக் கூட்டினாலும் டேலி ஆகாது. அதைவிட மோசம், செல் தேயத் தேயத் தவறின் அளவும் மாறிக்கொண்டே போகும் என்பது. நிலையான தவறென்றால் கழித்துக்கொள்ளலாம், இது நழுவுகிற தவறு. என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரு வெயில் பளீரென்று இருந்தது, மீட்டர் அதையும் சேர்த்துப் படித்தது, நான் கவனிக்கவில்லை. பாதித் தப்பு செல்லுடையது, பாதி என்னுடையது.

பாட்டி அந்த ஆவணியில் காலமானார். பன்னிரண்டில் ஒன்றிலிருந்து மாமா கஷ்டப்பட்டு ஒரு பிரின்ட் எடுத்தார். என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பது அதுதான். வந்து பார்த்த சிலர், "ஏன் இவ்வளவு இருட்டா இருக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கோபத்தில் ரொம்ப நாள், நன்றாக இருந்த செல்லை எதற்குத் தடை செய்தார்கள் என்று பொருமிக்கொண்டிருந்தேன். அது அடங்கியது 2001ல், கொடைக்கானல் செய்தி வந்தபோது.

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தின் வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு இடம் பெயர்ந்தது. முதலில் பாண்ட்ஸ், பிறகு இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடப்பதை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. அங்கே வேலை பார்த்தவர்கள் தங்கள் உடல்நலத்துக்காக நடத்திய வழக்கில் உடன்பாடு வந்தது 2016ல். 591 பேர். அதற்குள் பதினைந்து வருடம் ஓடிவிட்டது. மண் என்ன ஆனது, சோலைக்காட்டு ஓடைகள் என்ன ஆயின என்ற விவாதம் அதற்குப் பிறகும் நடந்தது.

பள்ளிக்கூடத்தில் தெர்மாமீட்டர் உடைந்தபோது பாதரச உருண்டைகளைத் தீப்பெட்டிக்குள் போட்டு, வகுப்பு முழுக்கக் காட்டி, உள்ளங்கையில் உருட்டி விளையாடியவன் நான். உங்களில் அறுபதைத் தாண்டியவர்கள் பலரும் செய்திருப்பீர்கள். நம் வீடுகளில் 'ரசம் போன கண்ணாடி' என்று இன்னும் சொல்கிறோம், ரசம் அவ்வளவு பழகிய பொருள். அது ஆவியாகும், மூச்சில் போகும், நரம்பைப் பிடிக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

உலகத்துக்குச் சொன்ன ஊர் ஜப்பானின் மினமாட்டா. சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை பல வருடங்களாகப் பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. மீனில் சேர்ந்தது. மீன் தின்ற பூனைகள் வெறி பிடித்தாற்போல் ஆடிச் செத்தன. பிறகு மனிதர்கள். 1956ல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது, ஆலை விடுவதை நிறுத்தியது 1968ல். 1971ல் அங்கே போய்த் தங்கிப் படமெடுத்தவர் யூஜின் ஸ்மித் என்ற அமெரிக்கப் போட்டோக்காரர். ஆலைத் தரப்பு ஆட்கள் அடித்ததில் அவர் பார்வையே பாதிக்கப்பட்டது. அவர் கையில் இருந்த கேமராக்களில் மினோல்டா எஸ்ஆர்டி 101ம் ஒன்று. அதன் மீட்டருக்கு வேண்டியது பாதரச செல். இதைப் படித்த அன்று கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஊரின் பெயரில்தான் 2013ல் பன்னாட்டு ஒப்பந்தம் வந்தது. 2017 ஆகஸ்டில் அமலானது. இந்தியா 2018 ஜூனில் சேர்ந்தது. பாதரச பேட்டரிகள், தெர்மாமீட்டர், டாக்டர் வீட்டு ரத்த அழுத்தக் கருவி எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. ஒரு பாதரச செல்லின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பாதரசமே இருக்கும். ஒன்று சிறியதுதான். உலகம் முழுக்க வருடா வருடம் கோடிக்கணக்கில் குப்பைக்குப் போனதைச் சேர்த்துப் பாருங்கள். கணக்குப் படித்த எனக்கு அந்தக் கூட்டல் புரிந்த பிறகு, தடை தப்பென்று சொல்ல வாய் வரவில்லை.

சரி, கேமராவை என்ன செய்வது? தூக்கிப் போட வேண்டாம்.

முதலில் உங்கள் கேமராவுக்கு பேட்டரி வேண்டுமா என்று பாருங்கள். ஆக்ஃபா க்ளிக் 3, ஐசோலி மாதிரியான பெட்டிகளில் மீட்டரே கிடையாது. ஒலிம்பஸ் ட்ரிப் 35ல் லென்ஸைச் சுற்றித் தேன்கூடு மாதிரி இருப்பது செலினியம், பேட்டரி வேண்டாம். கேனனெட், யாஷிகா மேட் போன்றவற்றில் மீட்டர் செத்தாலும் ஷட்டர் ஓடும். மாமாவின் 16ல் 125 கணக்கோ, போனில் இலவசமாகக் கிடைக்கும் லைட் மீட்டர் செயலியோ போதும். யாஷிகா எலெக்ட்ரோ 35 மட்டும் விதிவிலக்கு, ஷட்டரே மின்சாரத்தில் ஓடுவது. பேட்டரி இல்லாவிட்டால் எப்போதும் 500லேயே நிற்கும். நல்லவேளை, அதற்கு வேண்டிய 5.6 வோல்ட்டுக்குப் பதில் 6 வோல்ட் கொடுத்தாலும் அந்தச் சுற்று பொறுத்துக்கொள்ளும். பென்டாக்ஸ் ஸ்பாட்மேடிக்கும் சமர்த்து. அதன் மீட்டர் ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தோடு ஒப்பிட்டுச் சமன் பார்க்கிற தராசு போன்றது. வோல்ட் ஏறினால் இரண்டு தட்டும் சேர்ந்து ஏறும், கணக்கு மாறாது. அதற்கு 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு செல்லைத் தைரியமாகப் போடலாம்.

மற்ற 1.35 கேமராக்களுக்கு நான் பயன்படுத்துவது காது மெஷின் செல். 675 என்று கேளுங்கள். காது கேட்கும் கருவி விற்கிற எந்தக் கடையிலும் அட்டையாகக் கிடைக்கும். துத்தநாகமும் காற்றும் சேர்ந்து வேலை செய்கிற செல், 1.4 வோல்ட் தரும், ஏறத்தாழ அப்படியே நிற்கும். பாதரசத்துக்கு மிக நெருங்கிய சொந்தம். ஒரு காலத்தில் காது மெஷினுக்குள்ளும் பாதரச செல்தான் இருந்தது, அந்த இடத்தைப் பிடித்தது இதுதான். பழைய செல் கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர் அகலம், இது 11.6தான். சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் வேண்டும். பிளம்பர் கடையில் கிடைக்கும் 'ஓ' ரிங் போதும். உயரம் போதாவிட்டால் சமையல் அலுமினியத் தாளைச் சின்னதாக மடித்து வைக்கலாம், விளிம்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செல்லின் முதுகில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்ததும் காற்று நுழைந்து வேலை தொடங்கும். பயன்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். கல்யாணம், காது குத்து என்று எடுக்கப் போகும் முதல் நாள் உரித்தால் போதும்.

அடிக்கடி எடுப்பவர்களுக்கு எம்ஆர் 9 என்ற ஜப்பானிய அடாப்டர் உண்டு. பழைய செல்லின் வடிவத்திலேயே ஒரு உலோகக் கூடு, உள்ளே சின்ன சில்வர் ஆக்சைடு செல்லைப் போட்டால் 1.55ஐ 1.35 ஆக இறக்கிக் கொடுக்கும். சில்வர் ஆக்சைடும் நிலையாக நிற்கிற ஜாதி என்பதால் இது சரிப்படும். கொஞ்சம் விலைதான். சில மெக்கானிக்குகள் மீட்டரையே 1.55க்குத் திருத்திக் கொடுப்பார்கள், அப்படிச் செய்தால் பிறகு எந்த வளையமும் வேண்டாம். ஃபிலிம் வேகத்தை மாற்றி வைத்துச் சரிக்கட்டலாம் என்று சொல்வார்கள். வெயிலில் ஒரு அளவு, நிழலில் வேறு அளவு தப்புகிற மீட்டரை ஒரே திருத்தத்தில் நிமிர்த்த முடியாது, நான் பட்டவன். எதைப் போட்டாலும், ஒரே வெள்ளைச் சுவரை வெயிலிலும் நிழலிலும் கேமராவிலும் போனிலும் அளந்து ஒப்பிட்டுவிட்டு ஃபிலிம் போடுங்கள்.

இனி பழைய செல். கேமராவை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மூடியைத் திறந்து பாருங்கள். பூத்திருந்தால் வெறுங்கையால் சுரண்ட வேண்டாம், ஊதவும் வேண்டாம். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, செல்லை ஒரு காகிதத்தில் விழவைத்து, மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். அந்தப் பூப்பு காரம் கசிந்து வந்தது. வினிகரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தால் போகும், குச்சியும் காகிதமும் அதே பாட்டிலுக்குள். பொத்தான் செல் எதுவானாலும் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. விழுங்கிவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

சமையலறைக் குப்பையோடு மட்டும் போடாதீர்கள். 2016 திடக்கழிவு விதிகள் பயன்படுத்திய பேட்டரியை வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. 2022ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளும் மற்ற குப்பையோடு கலக்கக் கூடாது என்கின்றன. நம் ஊர்களில் குப்பை மேட்டில் தீப்பிடிப்பது கோடையில் வழக்கம். செல் அதில் வெந்தால் பாதரசம் ஆவியாகி நம் மொட்டை மாடி வரைக்கும் வரும்.

செக்ரட்டரியிடம் பேசி, சங்க அலுவலக அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வைத்திருக்கிறோம். மேலே சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறது. அடுத்த முறை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு வண்டி வரும்போது தனியாக ஒப்படைத்து ரசீது வாங்குவது என் பொறுப்பு. இப்போது அதில் நான்கு செல் இருக்கின்றன. ஒன்று மூன்றாவது மாடி கேனனெட்டில் இருந்தது. ஒன்று மாமாவின் கடைசிச் செல், யாஷிகாவின் தோல் உறைக்குள் காகிதத்தில் மடித்து இத்தனை வருடம் வைத்திருந்தேன்.

அந்தப் பெண் காது மெஷின் செல் போட்டு ஒரு ரோல் எடுத்து முடித்துவிட்டார், கழுவ சென்னைக்கு அனுப்பியிருக்கிறார். சனிக்கிழமை மாலை 5 முதல் 6 வரை நான் சங்க அலுவலகத்தில் இருப்பேன். கேமராவையும் கொண்டு வாருங்கள். மூடி திறக்கவில்லை என்றால் ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பாதீர்கள், கீறல் போய்விட்டால் பிறகு யாராலும் திறக்க முடியாது. அப்படியே எடுத்து வாருங்கள், பார்ப்போம்.